கடைசியாகக் கை வைத்தவள்

அந்தப் பட்டறையின் வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. உள்ளே வருகிற ஒவ்வொரு காருக்கும் அதில் ஒரு வரி. வண்டி எண், என்ன வேலை, அதற்கடுத்து ‘கடைசிக் கை’ என்று ஒரு கட்டம். வண்டி வெளியே போகும்போது அதைக் கடைசியாகத் தொட்டவரின் பெயர் அந்தக் கட்டத்தில் ஏறும். பலகையின் ஓரத்தில் வேலை செய்கிற பதினொரு பேரின் பெயரும் அழியாத மையில் எழுதியிருக்கும். ஏழு நாளைக்குள் வண்டி குறையோடு திரும்பி வந்தால், கடைசியாகத் தொட்டவரின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். மூன்று புள்ளி சேர்ந்தால் அவர் தன் வேலையை விட்டுவிட்டு வாட்டர் வாஷுக்குப் போக வேண்டும். அங்கே போனவர் எவரும் திரும்பி வந்ததில்லை.

இது மேனேஜர் கண்டுபிடித்த விதி. யோசிக்கிற சிரமத்தை மிச்சப்படுத்துகிற விதி என்பதால் அவருக்கு அதன்மேல் தனிப் பாசம். நேற்றுத் துணி துவைத்தவளைப் பிடித்து இன்றைய மழைக்குக் காரணம் கேட்கிற விதி அது. பின்னால் வந்தது என்பதாலேயே அதனால் வந்தது என்று முடிவு கட்டுகிறவர்கள் உலகத்தில் நிறைய இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கையில் சாக்பீஸ் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்தப் பலகையே சாட்சி.

இன்னொரு விஷயத்தை யாரும் கவனிக்கவில்லை, ஒருத்தியைத் தவிர. அடிபட்ட கார் முதலில் தகடு தட்டுகிறவரிடம் போகும். பிறகு பட்டி பார்த்து பெயின்ட் அடிப்பார்கள். விளக்கு மாட்டி, வயர் கோத்து, எல்லாம் எரிகிறதா என்று பார்ப்பது எப்போதும் கடைசி வேலை. ஆக, யார் கை கோணலாகப் போனாலும் கட்டத்தில் ஏறுவது எலக்ட்ரீஷியனின் பெயர். எலக்ட்ரீஷியன் ஒரு பெண். அவளுக்கு ஏற்கனவே இரண்டு புள்ளி.

அவளைப் பட்டறையில் ‘டெஸ்டர்’ என்பார்கள். கரண்ட் வருகிறதா என்று பார்க்கிற டெஸ்டரைப் பேனா மாதிரி எப்போதும் கொண்டையில் செருகியிருப்பாள். வாடிக்கையாளர் யாராவது சிரித்தால், "ஷாக் அடிக்காதுங்க, கிட்ட வரலாம்" என்பாள்.

அவள் அங்கே வந்தது சீட் உறை தைக்க. ஆறு வருஷம் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். சீட்டைக் கழற்றி மாட்டும்போது அடியில் ஓடுகிற வயர்களைப் பார்த்துப் பார்த்து, எந்த நிறம் எங்கே போகிறது என்று தையல் கணக்கு எழுதுகிற நோட்டிலேயே படம் போட்டு வைத்தாள். அப்போதிருந்த எலக்ட்ரீஷியனுக்குத் தடித்த விரல்கள். டேஷ்போர்டுக்கு உள்ளே கை போகாத இடத்துக்கெல்லாம் அவளைக் கூப்பிடுவார். "உன் கையைக் கொஞ்ச நேரம் கடன் குடும்மா" என்பார். கையைக் கொடுத்தவள் கண்ணையும் சேர்த்தே கொடுத்தாள். அவர் வேறு ஊருக்குப் போனபோது இவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இருந்தும் அந்த மேஜையும், மீட்டரும், பியூஸ்கள் வைத்த இழுப்பறையின் சாவியும் அவள் கைக்கு வர மூன்று வருஷம் ஆனது. இடையில் வந்துபோன இரண்டு ஆண்களுக்கு அவள்தான் வேலை சொல்லிக் கொடுத்தாள்.

அவள் கணவரும் அதே பட்டறையில்தான். பெயின்டர். ‘கண்ணாடி’ என்று பெயர், அவர் அடித்த கதவில் முகம் பார்த்துத் தலை வாரலாம் என்பதால். புது வண்டி வாங்கியவர்கள் முதல் கீறல் விழுந்தால் அவர் கைதான் வேண்டும் என்று காத்திருந்து அடித்துக்கொண்டு போவார்கள். "அவருக்குக் கைராசி" என்பார்கள். அவளைப் பற்றிப் பேசும்போது ராசி என்ற சொல் வேறு விதமாக வரும். திறமை என்று சொன்னால் அது எப்படி வந்தது என்று விசாரிக்க வேண்டியிருக்கும். ராசி என்று சொல்லிவிட்டால் விசாரணை கிடையாது. பிடித்தவனுக்கு இருக்கும், பிடிக்காதவளுக்கு இருக்காது. அவ்வளவு வசதியான சொல்.

பட்டறை வாசல் வரை அவரை "என்னங்க" என்று கூப்பிடுகிறவள், உள்ளே கால் வைத்தால் எல்லாரையும் போல "மேஸ்திரி" என்பாள். அவள் வைத்துக்கொண்ட வழக்கம் அது.

ஒரு திங்கட்கிழமை பல் டாக்டர் ஒருவரின் பச்சை நிறக் கார் வந்தது. பின்னால் இடது மூலையில் சின்ன அடி. தகட்டைத் தட்டி எடுத்தார்கள். கண்ணாடி பெயின்ட் அடித்தார். டெஸ்டர் பின் விளக்கை மாட்டி, ஒவ்வொன்றையும் எரித்துப் பார்த்து அனுப்பினாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் கார் திரும்பி வந்தது. டாக்டரம்மா இறங்கியபோதே பட்டறையில் சுத்தியல் சத்தம் நின்றது.

"பிரேக்கை மிதிச்சா பெட்ரோல் முள்ளு கீழ விழுது. இண்டிகேட்டர் போட்டா டேஷ்போர்டு மொத்தமும் கண்ணடிக்குது. நேத்து சிக்னல்ல பக்கத்து வண்டிக்காரர் என்னைப் பாத்து சிரிக்கறார். நான் கார் ஓட்டறேனா, நாடகம் நடத்தறேனா?"

மேனேஜர் பலகையைப் பார்த்தார். அவரே எழுதிய பெயரைப் புதிதாகப் படிப்பவர்போலப் படித்தார். "ஏம்மா டெஸ்டர், ஒரு விளக்கு மாட்டறதுக்கு இத்தனை வித்தையா?"

"நான் மாட்டினப்ப எல்லாம் சரியா எரிஞ்சுது சார்."

"இப்ப எரியக் கூடாததும் சேர்த்து எரியுதே."

மேனேஜர் வண்டியில் ஏறிப் பிரேக்கை மிதித்துக் காட்டினார். அவள் பின்னால் நின்று பார்த்தாள். பிரேக் விளக்கு இடது பக்கம் அழுது வடிந்தது. அதோடு, யாரும் போடாத நம்பர் பிளேட் விளக்கு மங்கலாக எரிந்தது. அவள் குனிந்து, விளக்கை நோக்கிக் கையை நீட்டினாள்.

"வேண்டாம்" என்றார் டாக்டரம்மா. "இனிமே இவங்க கை என் வண்டியில படக் கூடாது. சொல்லிட்டேன்."

மேனேஜர் கார்டு ஒன்றை எழுதி நீட்டினார். ‘எனது கவனக்குறைவால் ஏற்பட்ட மின் கோளாறு.’ கீழே கையெழுத்துக்கு இடம். மூன்றாவது புள்ளி. திங்கட்கிழமையிலிருந்து வாட்டர் வாஷ்.

அவள் பேனாவை வாங்கினாள். மூடியை மாட்டினாள். கார்டின்மேல் வைத்துத் திருப்பிக் கொடுத்தாள். "எழுதினவங்களே கையெழுத்தும் போட்டுக்கங்க சார். என்ன கோளாறுன்னே இன்னும் தெரியல. அதுக்குள்ள யாரால வந்துதுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"கடைசியா கை வச்சது நீதானே?"

"ஆமா. அது தேதி சார். காரணம் இல்ல. நாளைக்குப் பத்து மணி வரைக்கும் டைம் குடுங்க. என்னன்னு சொல்றேன்."

"வண்டியைத் தொடக் கூடாதுங்கறாங்களே."

"தொடல. வாய் போதும்."

டாக்டரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பத்துன்னா பத்து" என்றார். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்து போனார்.

அவர் போனதும் மேனேஜர் வேறு யாரையாவது வைத்துக் காரைப் பார்த்துவிடலாம் என்று நினைத்தார். மெக்கானிக்கைக் கூப்பிட்டார். மெக்கானிக்குக்கு அப்போதுதான் முதுகு பிடித்துக்கொண்டது. தகடு தட்டுகிறவர், தனக்கு வயர் என்றாலே பயம் என்றார். பெயின்ட் பிரிவில் இருந்தவர்கள் திடீரென்று மிகவும் சுறுசுறுப்பானார்கள். இப்போது அந்த வண்டியைத் தொடுகிறவர்தான் அடுத்த கடைசிக் கை. அவ்வளவு முட்டாள் அங்கே யாரும் இல்லை. பச்சைக் கார் பட்டறை நடுவில், தொட்டால் ஒட்டிக்கொள்ளும் நோய் வந்ததுபோலத் தனியாக நின்றது.

அவள் அதற்குப் பின்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து யோசித்தாள். முதலில் தன் வேலையைத்தான் சந்தேகப்பட்டாள். பல்பு மாறிவிட்டதா? இல்லை, பழைய பல்பு அவள் மேஜையில் இருந்தது, எண் அதேதான். இணைப்பைச் சரியாகச் செருகவில்லையா? செருகும்போது ‘டக்’ என்று கேட்டது நினைவிருந்தது. அப்படியானால் எர்த்.

கரண்ட் பேட்டரியிலிருந்து விளக்குக்குப் போனால் மட்டும் போதாது, திரும்பி வரவும் வழி வேண்டும். காரில் அந்தத் திரும்பும் வழி வண்டியின் இரும்பு உடம்பு. விளக்கிலிருந்து ஒரு சின்ன வயரை உடம்போடு போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். அதற்குப் பெயர் எர்த். அது இரும்பைத் தொடவில்லை என்றால், வீட்டுக்குப் போக வழி தெரியாத கரண்ட் பக்கத்து விளக்குகளுக்குள் புகுந்து போகும். பிரேக்கை மிதித்தால் நம்பர் பிளேட் எரியும். பெட்ரோல் முள்ளுக்கும் அதே போல்ட்தான், அதனால் அதுவும் ஆடும்.

ஆனால் அந்த போல்டை இறுக்கியது அவள்தான். நன்றாகவே இறுக்கினாள். பிறகு எப்படி?

பதில் சாயங்காலம் வீட்டில் கிடைத்தது. கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய அக்கா பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"கையெழுத்துதானே, போட்டுட்டுப் போயேன்" என்றார் கணவர். "மேனேஜரைப் பகைச்சுக்கிட்டு என்ன ஆகப்போகுது? வாட்டர் வாஷ்னா என்ன, தண்ணிதானே."

"நீங்க போறீங்களா?"

"நான் எதுக்குப் போகணும்?"

"தண்ணிதானே."

நாத்தனார் துணியிலிருந்து தலையைத் தூக்காமல் சிரித்தார். கணவருக்கு அது பிடிக்கவில்லை.

அவள் அவருக்குத் தண்ணீர் ஊற்றினாள். "என்னங்க, அந்தப் பச்சை வண்டியில, விளக்குக்குப் பின்னாடி உள்பக்கம் ஒரு போல்ட் ஓட்டை இருக்கும்ல? பெயின்ட் அடிக்கறப்ப அதைச் சுத்தி டேப் ஒட்டினீங்களா?"

"டேப்பா?" அவருக்குக் கோபம் போய்ப் பெருமை வந்தது. "வெளிய பளபளன்னு அடிச்சுட்டு உள்ள அப்படியே விட்டுட்டுப் போறவன்னு நெனச்சியா? உள்பக்கமும் ரெண்டு கோட்டு அடிச்சு, மேல வார்னிஷும் குடுத்தேன். அந்த ஓட்டையைச் சுத்தி ஒரு நூல் இடம் விடல. எவன் கழட்டிப் பாத்தாலும் கண்ணாடி அடிச்சதுன்னு சொல்லணும்."

அவள் சொம்பைக் கீழே வைத்தாள். "அப்ப அதேதான்."

"எதேதான்?"

"பெயின்ட் வழியா கரண்ட் போகாதுங்க. இரும்புமேல பெயின்ட், பெயின்ட்மேல என் வயர். போல்ட் புரி ஏதோ கொஞ்சம் தொட்டுக்கிட்டு இருந்துருக்கு, அதான் அன்னைக்கு எரிஞ்சுது. மூணு நாள் குலுங்கினதுல அதுவும் போயிடுச்சு."

"என் பெயின்ட்ல குறை சொல்றியா?"

"உங்க பெயின்ட்ல ஒரு குறையும் இல்ல. அதான் பிரச்சினை."

அவர் தட்டைத் தள்ளினார். "போல்டை முடுக்கினது யாரு?"

"நான்தான். எப்பவும் அந்த இடம் வெறும் இரும்பா இருக்கும். இப்பவும் இருக்கும்னு நெனச்சுப் பாக்காம முடுக்கிட்டேன். நாளைக்கு அதையும் சொல்வேன்."

"உன்னதைச் சொல்லிக்க. என் பேரை எதுக்கு இழுக்கற? பதினேழு வருஷமா எனக்கு ஒரு புள்ளி கிடையாது."

"எப்படி வரும்? நீங்க எந்த வண்டியையும் கடைசியாத் தொட்டதே இல்ல. உங்களுக்கு அப்புறம் எப்பவும் ஒருத்தி இருக்கா."

அவர் எழுந்து கை கழுவப் போனார். வெகுநேரம் கழுவினார். அவள் பின்னாலேயே போக எழுந்தபோது நாத்தனார் புடவையைப் பிடித்து இழுத்தார்.

"உக்காரும்மா. என் தம்பி ரோஷம் அவன் பெயின்ட் மாதிரி. காயறதுக்கு ஒரு நாள் ஆகும். இப்பத் தொட்டா விரல் தடம் விழும்."

"காயட்டும் அண்ணி. ஆனா நான் சொல்றதைச் சொல்வேன்."

"சொல்லாம இருன்னு யாரு சொன்னா?" என்று அவர் அடுத்த துணியை எடுத்தார்.

மறுநாள் கணவர் அவளை ஏற்றிக்கொள்ளாமல் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவள் நடந்து போய்ச் சேர்ந்தபோது பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. டாக்டரம்மா வந்திருந்தார். மற்ற பத்துப் பேரும் ஏதோ ஒரு வேலையைக் கையில் பிடித்தபடி வேடிக்கை பார்க்க நின்றார்கள். கணவர் பெயின்ட் அறை வாசலில், முகமூடியைக் கழற்றாமல் நின்றார்.

அவள் தன் மேஜையிலிருந்து இரண்டு நுனியிலும் கிளிப் வைத்த ஒரு சிவப்பு வயரை எடுத்து வந்தாள். "நான் தொட மாட்டேன் டாக்டர். வேற யாராவது இதைச் செய்யணும்."

மேனேஜர் திரும்பிப் பார்த்தார். எல்லாரும் அரை அடி பின்னால் போனார்கள். "சார், நீங்க?" என்றாள் அவள். மேனேஜர் தன் வெள்ளைச் சட்டையைப் பார்த்துக்கொண்டார்.

"என்ன இது, யாருமே தொட மாட்டீங்களா?" என்றார் டாக்டரம்மா.

"தொட்டா அவங்க பேரு பலகையில ஏறும் டாக்டர். அதான் பயம்."

டாக்டரம்மா பலகையைப் படித்தார். கைப்பையை வண்டியின்மேல் வைத்துவிட்டு, "குடுங்க" என்று கையை நீட்டினார்.

அவள் சொல்லச் சொல்ல அவர் செய்தார். டிக்கியைத் திறந்து உள் அட்டையைக் கழற்றினார். "அந்தக் கறுப்பு வயர் முனையில ஒரு கிளிப். இன்னொண்ணு டிக்கிப் பூட்டு கொக்கியில. அங்க பெயின்ட் தேஞ்சு இரும்பு தெரியுது பாருங்க. மாட்டுங்க. சார், இப்ப பிரேக்கை மிதிங்க."

மேனேஜர் மிதித்தார். பிரேக் விளக்கு பளிச்சென்று எரிந்தது. நம்பர் பிளேட் இருட்டாக இருந்தது. "முள்ளு?" என்று அவள் கேட்டாள். "ஆடல" என்றார் மேனேஜர், அது ஆடாதது தன் தோல்வி என்பதுபோல.

"இப்பக் கிளிப்பை எடுங்க டாக்டர்."

எடுத்ததும் எல்லாம் பழையபடி கூத்தாடியது. மாட்டினால் சரியாகும். எடுத்தால் ஆடும். டாக்டரம்மா நாலு தடவை மாட்டி எடுத்துப் பார்த்தார், நம்பாததால் இல்லை, பிடித்துப்போனதால்.

"கைராசி கால்ராசி எல்லாம் இல்ல டாக்டர். ஒரு போல்ட். அதைக் கழட்டிப் பாருங்க, அடியில பெயின்ட் இருக்கும்."

இருந்தது. பச்சை நிறத்தில், முகம் பார்க்கிற மாதிரி, ஒரு கீறல் இல்லாமல். டாக்டரம்மா உப்புத்தாளை வாங்கி அந்த இடத்தை வட்டமாகச் சுரண்டினார். "நான் தினமும் பண்றதே இதானே" என்றார். "ஒரு பல்லை அடைச்சு அனுப்புவேன். ஒரு வாரம் கழிச்சு வேற பல்லு வலிக்கும். என்னாலதான்னு வந்து நிப்பாங்க. எனக்கு எவ்ளோ எரியும் தெரியுமா? நேத்து நானே அதைப் பண்ணிட்டேன்." வெள்ளி நிறத்தில் இரும்பு தெரிந்ததும் வயரை வைத்து போல்டை முடுக்கினார். எல்லாம் ஒழுங்காக எரிந்தது.

மேனேஜர் சீக்கிரமாக முடித்துவிடப் பார்த்தார். "சரி, கோளாறு தெரிஞ்சுடுச்சு. ‘மின் கோளாறு சரிசெய்யப்பட்டது’ன்னு எழுதிடறேன். புள்ளி வேண்டாம். போய் வேலையைப் பாரும்மா."

"வேண்டாம்னு நீங்க விடறதுக்கு இது என்ன தானமா சார்? மின் கோளாறே இல்ல இது. எர்த் போல்ட் இடத்துல பெயின்ட் அடிச்சது. அடிச்சது மேஸ்திரி. அதைப் பாக்காம முடுக்கினது நான். ரெண்டையும் எழுதுங்க."

எல்லாரும் பெயின்ட் அறையைப் பார்த்தார்கள்.

"அவருக்கு எப்படிம்மா புள்ளி வைக்க முடியும்?" மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "அவரு கடைசிக் கை இல்லையே."

"நானும் இல்லையே சார். இப்பக் கடைசியாக் கை வச்சது டாக்டர். அவங்க பேரை எழுதுங்க. இன்னும் ஏழு நாள்ல ஏதாவது ஆச்சுன்னா அவங்களை வாட்டர் வாஷுக்கு அனுப்புங்க."

டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டே, "எனக்குத் திங்கட்கிழமை முடியாது, செவ்வாய்க்கிழமை வரேன்" என்றார். யாரோ சிரித்தார்கள். பிறகு மெக்கானிக்கின் முதுகு சரியாகும் அளவுக்கு எல்லாரும் சிரித்தார்கள்.

கண்ணாடி நடந்து வந்தார். முகமூடியைக் கழற்றினார். டிக்கிக்குள் குனிந்து அந்தச் சுரண்டிய வட்டத்தைப் பார்த்தார். அவர் பெயின்ட்டை யாரும் அப்படிச் சுரண்டி அவர் பார்த்ததில்லை. விரலை அதன் ஓரத்தில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார்.

"இது நான் அடிச்சது" என்றார் மேனேஜரிடம். "இங்க அடிச்சிருக்கக் கூடாது. எழுதிக்கங்க." அவள் பக்கம் திரும்பாமலே உள்ளே போனார்.

மேனேஜர் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாரே தவிர எழுதவில்லை. பதினேழு வருஷ வாடிக்கையாளர்கள் அந்தப் பெயரைத் தேடி வருகிறவர்கள். அவள் சாக்பீஸை வாங்கினாள். ‘கடைசிக் கை’ என்ற தலைப்பை உள்ளங்கையால் அழித்தாள். அந்த இடத்தில் ‘என்ன நடந்தது’ என்று எழுதினாள். பச்சைக் காரின் வரியில், ‘எர்த் இடத்தில் பெயின்ட். பார்க்காமல் போல்ட் முடுக்கியது’ என்று எழுதி, இரண்டு பேர் பெயரையும் போட்டாள்.

அன்று சாயங்காலமே மேனேஜர் அதை அழித்துப் பழைய தலைப்பை எழுதினார். மறுநாள் காலை அவள் அழித்தாள். அவர் எழுதினார். அவள் அழித்தாள். எட்டு நாள் இப்படிப் போனது. ஒன்பதாம் நாள் அவள் வரும்போது ‘என்ன நடந்தது’ என்று அங்கே ஏற்கனவே இருந்தது. கையெழுத்து மேனேஜருடையது இல்லை. எழுத்தின் விளிம்பெல்லாம் நேராக, ஒரு பிசிறு இல்லாமல் இருந்தது. சாக்பீஸால் எழுதியதும் இல்லை, வெள்ளைப் பெயின்ட், இரண்டு கோட்டு, மேலே வார்னிஷ். மேனேஜர் ஈரத் துணியால் தேய்த்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

அவள் பெயின்ட் அறைக்குப் போனாள். அவர் அடுத்த வண்டியின் உள்பக்கம், போல்ட் ஓட்டைகளின்மேல் வட்டமாக வெட்டிய டேப்பை ஒட்டிக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி, எழுத்து நல்லா இருக்கு" என்றாள்.

"காஞ்சுடுச்சு. இப்பத் தொடலாம்" என்றார் அவர்.

அவள் தொடவில்லை. பலகையின் ஓரத்தில் அவள் பெயருக்குப் பக்கத்தில் அந்த இரண்டு சிவப்புப் புள்ளிகளும் இன்னும் இருந்தன. அழித்துவிடவா என்று மேனேஜரே இப்போது கேட்கிறார். அவள் விடவில்லை. முதல் புள்ளி ஒரு பேட்டரி விவகாரம். அந்த வண்டியின் சொந்தக்காரர் உள் விளக்கை அணைக்காமல் மூன்று நாள் வெளியூர் போயிருந்தார் என்று அவளுக்குத் தெரியும். அதைப் பலகையில் எழுதின பிறகு அழித்தால் போதும் என்கிறாள். அந்தச் சொந்தக்காரருக்குத் தபால் கார்டு போட்டிருக்கிறாள். புதன்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லி.